எண்ணெய் வாங்கப் போன உபதேசியார்

மயிலாப்பூரில் போய், “கோவில் ஐயர் வீடு எது?” என்று கேட்கக்கூடாது என்று தைப்பிங்கில் எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மலேசியாவில் மழைக்குப் பெயர்போன ஊர் தைப்பிங். அங்கே எங்களுக்கு ஒரு தமிழ் மெதடிஸ்ட் சபை. எங்கள் பேச்சில் சர்ச் என்றால் கோவில், அதன் போதகர் ஐயர். இரண்டு வார்த்தையும் எங்கள் முன்னோர் கப்பலில் கொண்டுவந்தவை. அவற்றையே திரும்பக் கொண்டுபோய் மயிலாப்பூரில் இறக்கினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. ஆட்டோக்காரர் ஏழுமலையும் யோசிக்கவில்லை. “கோயில் ஐயர்தான நைனா? குந்து” என்று சொல்லிக் குளத்தைச் சுற்றி ஒரு தெருவில் கொண்டுபோய் விட்டார்.

கதவைத் திறந்தவர் மடிசார் கட்டிய ஒரு மாமி.

“ஐயர் இருக்காங்களா?”

“அவர் ஆத்துல இல்லையே. அடையார்ல ஒரு கிரகப்பிரவேசம். நீங்க எந்த விசேஷத்துக்கு வந்திருக்கேள்?”

“ஞாயித்துக்கிழமை ஆராதனை விஷயமா.”

“ஆராதனையா? யாருக்கு?”

“இயேசுவுக்குங்க.”

மாமி என் நெற்றியைப் பார்த்தார். கையிலிருந்த பெரிய பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு, “காபி சாப்பிடறேளா?” என்று கேட்டார். குடித்தேன். எங்கள் ஊர்க் காபியில் மூன்று குடும்பம் குளிக்கலாம். இது ஒரு வாய்தான் இருந்தது, ஆனால் மத்தியானம் வரை நாக்கில் நின்றது.

“நீங்க ரூபி டீச்சர் கோவிலைத் தேடிண்டு வந்திருக்கேள்” என்றார் மாமி. “பால் டிப்போ தாண்டித் திரும்பினா வந்துடும். எங்காத்துப் பொண்ணுக்கு அவாதான் கணக்கு எடுத்தா. பொண்ணு கல்யாணமாகி அமெரிக்கா போயாச்சு. இன்னும் சொப்பனத்துல ரூபி டீச்சர் வராளாம்.”

ஊர்ப்பெயர் மெட்ராஸிலிருந்து சென்னைக்கு மாறிய மறுவருஷம் அது. பாதிக் கடைகளில் பலகையை மாற்றியிருந்தார்கள், பாதியில் இல்லை. ஏழுமலையைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. மாமி வீட்டு வாசலில் காத்திருந்து, பால் டிப்போ வரை வேகமாக வந்த ஆட்டோ, கோவில் கேட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது.

“என்னங்க ஆச்சு?”

“இங்கியே எறங்கிக்க நைனா. அந்தம்மா வாசல்ல நிக்குது. என்னைப் பாத்தா பதினேழாம் வாய்ப்பாடு கேக்கும்.”

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபைக்கு நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அதை ஆரம்பித்தவர் தாவீது உபதேசியார். உபதேசியார் என்றால் ஐயர் இல்லாத இடத்தில் சபையை நடத்துகிறவர். மெட்ராஸில் இந்த மயிலாப்பூர் கோவிலில் ஊழியம் செய்துகொண்டிருந்தவருக்கு ஜெபத்தில் ஓர் ஒளி தோன்றியது, ‘கடலைக் கடந்து போ’ என்றது, அவர் கப்பலேறினார். இதை நான் சிறுவனாக இருந்தபோதிலிருந்து ஆண்டுவிழாப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். என் மனைவி லில்லி அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி என்பதால் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். தாய்ச்சபையின் வரலாற்றை எழுதிவரவும், தாவீது உபதேசியாரின் படத்தை அங்கே மாட்டிவிட்டு வரவும் கமிட்டி என்னை அனுப்பியது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவன், வேலை இல்லாதவன், உபதேசியார் குடும்பத்தில் பெண் எடுத்தவன் என்ற மூன்று தகுதியும் எனக்கு மட்டும்தான் இருந்தது.

ரூபி டீச்சர் கேட்டருகே பூசணிக்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றவர், வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி. நிமிராமலேயே, “செருப்பை அங்க விடாதீங்க. இங்க விடுங்க” என்றார். உடனே எடுத்து வைத்தேன். அப்படி உடனே கீழ்ப்படிகிற பழக்கம் எனக்கு வீட்டில்தான் வந்தது. அவர் நிமிர்ந்ததும் அந்தத் தாடையை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது.

“மலேசியாவா? வரலாறு வேணுமா? ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகை, எனக்கு மூச்சு விட நேரமில்ல. சனிக்கிழமை வாங்க, சொல்றேன். மத்ததெல்லாம் ஐயர்கிட்ட பேசிக்குங்க.”

ஐயர் இளைஞர். வேலூர்ப் பக்கத்திலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். சபையின் வரலாறு பற்றிக் கேட்டேன். “இனிமேல்தான் படிக்கணும்” என்று நேர்மையாகச் சொன்னார். படம் இருக்கிறது என்றதும் எழுந்து நின்றுவிட்டார். “மலேசிய சபையின் ஸ்தாபகர் படமா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலேயே திறந்துடலாம், சார். நீங்கதான் சிறப்பு விருந்தினர்.” பொட்டலத்தை வாங்கி, அங்கி மாற்றும் உடையறையில் வைத்துப் பூட்டினார்.

காபிப்பொடி வாங்கிவர தேவராஜை அனுப்பியிருந்தார்கள். கோவிலில் மணி அடிப்பதும் பெருக்குவதும் அவர் வேலை. நெடுநேரமாயிற்று. ரூபி டீச்சர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: “காபிப்பொடி வாங்கப் போனவன் மலாயாவுக்குப் போயிட்டான்.”

எங்கள் நாட்டின் மேல் இவர்களுக்கு எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் அறை. மறுநாள் காலை கீழே ஓட்டலில் போய், “பசியாற என்ன இருக்கு?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலை உணவைப் பசியாறுதல் என்போம். பரிமாறுகிறவர் என்னை ஒருமுறை அளந்தார். “இட்லி கீது, பொங்கல் கீது, பூரி கீது. எவ்ளோ பசின்னு சொன்னாதான சார் எது ஆறும்னு சொல்ல முடியும்?” நியாயமான கேள்வி. மூன்றையும் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் மழை. எங்கள் ஊரிலும் தினம் மழைதான், ஆனால் அங்கே மழை சாக்கடைக்குள் போகும். இங்கே சாக்கடை மழைக்குள் வருகிறது. தி.நகரில் லில்லிக்குப் புடவை எடுத்துக்கொண்டு ஏழுமலை ஆட்டோவில் திரும்பும்போது, நடுத்தண்ணீரில் வண்டி நின்றது. அவர் இறங்காமல், “நீ கொஞ்சம் தள்ளு நைனா, நான் உள்ள குந்திகினு ஸ்டார்ட் பண்றேன்” என்றார். தள்ளினேன். கிளம்பிய வேகத்தில் என்னை விட்டுவிட்டே போய், தெருமுனையில் ஞாபகம் வந்து நின்றார். வாடகையில் ஒன்றும் குறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை வெயில் அடித்தது. மெரினாவில் நடந்து நொச்சிக்குப்பம் வரை போனேன். ரோட்டோரம் சங்கரா மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா, “எந்த ஊரு?” என்றார். சொன்னேன். “மலேசியாவா? எங்க வூட்டுக்காரரு தம்பி அங்கதான் கீறான். செல்வம்னு பேரு. பாத்தியா?” இல்லை என்றேன். “பாத்தா போன் போடச் சொல்லு” என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு மீனை எடை போட்டார்.

சாயங்காலம் கோவிலுக்குப் போனேன். பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. உயர்ந்த கூரை, தேக்கு பெஞ்சுகள், பலிபீடத்தின் பக்கத்துச் சுவரில் ஒரு சலவைக்கல். அதில் ‘எஸ்தர்’ என்ற ஒரே பெயர். தடித்த குரலில் பாடுகிறவர் ஒருவர் வந்துசேரவில்லை. “எங்கே அவர்?” என்றார் ஆர்மோனியக்காரர். “மலாயா” என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

“இது என்னங்க, எதுக்கெடுத்தாலும் எங்க நாட்டைச் சொல்றீங்க?” என்று ரூபி டீச்சரிடம் கேட்டேன்.

“அதுதான் எங்க சபை வரலாறே” என்றார். பெஞ்சில் உட்காரச் சொன்னார். “முதல் உலகப்போருக்கெல்லாம் முன்னாடி இங்க ஒரு உபதேசியார் இருந்தார். கல்யாணமாகி, ஒரு கைக்குழந்தை. அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம், விளக்குக்கு எண்ணெய் வாங்கிட்டு வரேன்னு பெண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போனார். ஹார்பர்ல மலாயா கப்பல்ல ஏறினதைப் பாத்தவங்க வந்து சொன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் ஒரு தகவலும் இல்ல. பண்டிகை இருட்டுலயே நடந்துச்சு. அதுலருந்து யாராவது போய்த் திரும்பலைன்னா இங்க மலாயாம்போம்.”

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவை மூடினேன்.

“அவர் பேரு?”

“தாவீது. எங்கம்மாவைப் பெத்தவர். அந்தக் கைக்குழந்தைதான் எங்கம்மா.”

அந்தத் தாடையை எங்கே பார்த்தேன் என்று இப்போது தெரிந்தது. தினமும் காலையில் என் எதிரே உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற தாடை.

ரூபி டீச்சர் சலவைக்கல்லைக் காட்டினார். “அதுதான் எங்க அம்மாச்சி. புருஷன் போனதும் துரைமார் கோவிலைப் பூட்டிடலாம்னாங்க. உபதேசியார் இல்லாம யார் நடத்தறது? அம்மாச்சி நான் நடத்தறேன்னாங்க. பொம்பளை பிரசங்கம் பண்ணக்கூடாதுன்னு துரை சொன்னார். சரி, பண்ணலைன்னாங்க. ஞாயித்துக்கிழமை வேதத்தை வாசிச்சுட்டு, சபையைப் பாத்துக் கேள்வி கேட்டாங்க. நீ ஏன் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பேசறதில்ல? நீ குடிச்சிட்டு வந்து யாரை அடிச்ச? ஒரு மணி நேரம் கேள்வி மட்டும்தான். துரை உக்காந்து பாத்துட்டு, இது பிரசங்கம் இல்லைன்னு ஒத்துக்கிட்டாராம். அவரையும் ரெண்டு கேள்வி கேட்டிருக்காங்க. இந்தத் தெருவுல பாதிப் பொம்பளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவங்கதான்.”

ஆண்டுவிழாக்களில் நான் கேட்ட ஒளியைப் பற்றி, யாரோ சொன்னதுபோலச் சொல்லிப் பார்த்தேன். “அவருக்கு ஜெபத்துல ஓர் ஒளி தெரிஞ்சதுன்னும் ஒரு பேச்சு உண்டாம்.”

“எண்ணெயே வாங்கிட்டு வரல” என்றார் ரூபி டீச்சர். “ஒளி எங்கருந்து வரும்?”

ஐயர் பாட்டுத்தாள்களோடு அந்தப் பக்கம் போனார். நாளைக்குப் படத்திறப்பு இருப்பதை நினைவுபடுத்திப் புன்னகை செய்தார்.

நேராக ஒரு டெலிபோன் பூத்துக்குப் போய் லில்லியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் தைப்பிங் தவளைகள் மட்டும் கேட்டன.

“அவங்க எப்படி இருக்காங்க?” என்று கடைசியில் கேட்டாள்.

“உன்ன மாதிரியே.”

“என்ன மாதிரின்னா?”

“செருப்பை எங்க விடணும்னு சொல்றாங்க.”

“அப்ப மறைக்க முடியாது” என்றாள் லில்லி. “எப்படியும் கண்டுபிடிச்சிடுவாங்க. படத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குள் நுழைந்தால் சந்தைக்குள் நுழைந்தது போலிருந்தது. அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் வீட்டு விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவது. மயிலாப்பூரில் யார் வீட்டில் என்ன விளையும்? ஆனாலும் வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய், முறுக்கு, கால் கட்டிய ஒரு வெள்ளைச் சேவல் எல்லாம் வந்திருந்தன. ஆராதனைக்கு முன்னால் ரூபி டீச்சரைத் தனியாகப் பிடிக்க மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை கையில் பூசணிக்காயைக் கொடுத்தார். அடுத்த தடவை கரும்புக்கட்டு. மூன்றாவது தடவை, “சிறப்பு விருந்தினர் இப்படி அலையக்கூடாது, போய் உக்காருங்க” என்றார்.

பாட்டும் ஜெபமும் ஆனபின் ஐயர் என்னை அழைத்தார். பலிபீடத்துக்கு முன்னால் ஒரு நாற்காலியில், நீலப் பட்டுத்துணி போர்த்திய படம். துணியைப் பிடித்துக்கொண்டு சபையைப் பார்த்தேன். ரயில்வேயில் தடம் புரண்ட வண்டிகளைப் பற்றி மேலதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் சுலபமாக இருந்தது.

“இந்தப் படத்துல இருக்கிறவர் எங்க சபையை ஆரம்பிச்சவர்” என்றேன். “ரப்பர்த் தோட்டம் தோட்டமா நடந்தே போய் ஜனங்களைச் சேர்த்தார். காய்ச்சல்ல செத்தவங்களை யாரும் தொடாதப்போ அவர்தான் அடக்கம் பண்ணினார். அவரைப் பத்தி நல்லதா மட்டும்தான் நாங்க கேட்டிருக்கோம். நேத்துதான் எனக்கு மீதி தெரிஞ்சது. இவர் பேரு தாவீது. இங்கேருந்து எண்ணெய் வாங்கப் போனவர்.”

பின்வரிசையிலிருந்து தேவராஜின் குரல்: “இப்பதான் திரும்பி வர்றாரா?”

முதலில் ஒரு பெஞ்சு சிரித்தது. பிறகு எல்லாப் பெஞ்சும். வயதானவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஆர்மோனியக்காரர் கைபட்டு ஒரு கட்டை தானாக முழங்கியது. ஐயர் மட்டும் விஷயம் புரியாமல், அடுத்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். ‘மலாயா’ என்பது மெட்ராஸ் பாஷை என்று அதுவரை நினைத்திருந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

ரூபி டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து முன்னால் வந்தார். என் கையிலிருந்து துணியை வாங்கி அவரே இழுத்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. அவருடைய தாத்தாவின் படம் எதுவும் இந்த ஊரில் இருந்ததில்லை. வழுக்கைத் தலையும் வெள்ளை மீசையும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டுமாக இருந்த அந்தக் கிழவரை அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“எங்கம்மா மூஞ்சி” என்று மெதுவாகச் சொன்னார்.

ஐயர் சமாளித்துக்கொண்டு, “எஸ்தர் அம்மா கல்லுக்குப் பக்கத்துலயே மாட்டிடலாமா டீச்சர்?” என்றார்.

“கூடாது” என்றார் ரூபி டீச்சர். “வாசக்கதவுக்கு மேல, உள்பக்கம் பாத்தாப்ல மாட்டுங்க. எங்க அம்மாச்சி எத்தனையோ வருஷம் வாசலைப் பாத்துட்டே இருந்தாங்க. இனிமே இவர் அவங்களைப் பாத்துட்டு இருக்கட்டும்.”

தேவராஜ் ஏணி எடுத்துவரப் போனார். சீக்கிரமே திரும்பிவந்தார்.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். மனசு லேசாகியிருந்ததால் நான் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஏலத்தில் தலையாட்டினால் விலை கேட்டதாக அர்த்தம் என்று சேவல் என் மடியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்கள். எனக்குப் போட்டியாகக் கேட்டவர் தடித்த குரல் பாடகர்; அவர் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது. சேவலோடு மேன்ஷனுக்குப் போக முடியாது. ரூபி டீச்சர், “கொடுங்க இப்படி. மத்தியானம் சாப்பிட வாங்க” என்றார்.

அவர் வீடு கோவிலுக்குப் பின்னாலேயே. தனியாகத்தான் இருந்தார். சேவல் குழம்பு நெருப்பாக இருந்தது. லில்லி தேங்காய்ப்பால் ஊற்றுவாள். இவர் மிளகை அள்ளிப் போட்டிருந்தார். இன்னும் சொல்லாமல் வைத்திருந்ததைவிட அந்தக் காரம் பெரிதில்லை என்று சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

“நீங்க இன்னும் ஏதோ சொல்லலை” என்றார் ரூபி டீச்சர். “காலையிலேருந்து மென்னு முழுங்கறீங்க.”

“அவருக்கு அங்க ஒரு மகள் உண்டு” என்றேன். “எங்க மாமியார். நான் அவர் பேத்தியைக் கட்டினவன்.”

கரண்டி குழம்பிலேயே நின்றது. “உங்க மாமியார் எப்பப் பொறந்தவங்க?” என்றார். சொன்னேன். கணக்கு டீச்சருக்கு விரல் விடவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

“எங்க அம்மாச்சி உயிரோட இருக்கும்போதே.”

“ஆமாங்க.”

“நான் பள்ளிக்கூடம் போற வயசு வரைக்கும் அவங்க உயிரோடதான் இருந்தாங்க.”

நான் இலையைப் பார்த்தேன். அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது. ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. முகம் கழுவி, கைப்பையோடு வெளியே வந்தார்.

“அவ பேரென்ன?”

“லில்லி.”

“வாங்க, போன் பூத் திறந்திருக்கும்.”

கண்ணாடிக் கதவுக்குள் அவரை விட்டுவிட்டு நான் வெளியே நின்றேன். அவர் நிமிர்ந்து நின்று ஏதோ சொன்னார். விரலை நீட்டி நீட்டிப் பேசினார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார். பூத் வைத்திருந்தவர் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா சார், சண்டையா?”

“இல்லைங்க. அக்கா தங்கச்சி.”

“அப்ப நேரமாவும்” என்று ஒரு ஸ்டூலை நகர்த்தினார். “குந்துங்க.”

ரூபி டீச்சர் வெளியே வந்தபோது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. புடவைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நடந்தார்.

“அழுதா” என்றார்.

“நீங்க?”

“நான் எதுக்கு அழணும்?” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அந்த அடக்கம் பண்ணினது, தோட்டம் தோட்டமா நடந்தது எல்லாம் நிஜந்தானா?”

“நிஜம்.”

“அப்ப அதையும் எழுதுங்க, இதையும் எழுதுங்க. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எழுதினீங்கன்னா நான் ஒத்துக்கமாட்டேன், மாப்பிள்ள.”

அதுவரை அவர் என்னை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார். தங்கை புருஷனைக் கூப்பிடுகிற அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, கவனிக்காதவர் மாதிரி நடந்தார். நானும் கவனிக்காதவன் மாதிரி, “சரிங்க அக்கா” என்றேன்.

கோவில் கேட்டில் நின்று, “லில்லி கிறிஸ்மஸுக்கு வர்றா” என்றார்.

“நல்லது. டிக்கெட் ரெண்டையும் போனதுமே எடுத்துடறேன்.”

“ஒண்ணு போதும்” என்றார் ரூபி டீச்சர். “அவ மட்டும்தான் வர்றா. நீங்க அங்க இருந்து கோவிலைப் பாத்துக்குவீங்களாம்.”

அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு லில்லி மயிலாப்பூரில் இருந்தாள். தைப்பிங்கில் பெஞ்சுகளைத் துடைத்து, நட்சத்திர விளக்கு கட்டி, பாடகர் குழுவுக்குத் தேநீர் போட்டவன் நான். கமிட்டி, நான் எழுதிக்கொண்டு போன வரலாற்றில் எஸ்தரைப் பற்றிய பகுதி நீளமாக இருக்கிறது, குறைக்கலாமா என்று கேட்டது. அதை ரூபி டீச்சரிடம் நேரில் போய்க் கேட்டு வாருங்கள் என்றேன். யாரும் முன்வராததால் அப்படியே அச்சுக்குப் போயிற்று.